கிருத்திகைக்குக் காத்திருந்த டாக்டர்

குழந்தை எப்போது பிறப்பது என்பதைக் குழந்தைதான் முடிவு செய்கிறது என்று மூன்றாம் வகுப்பு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அதுவரை பிறந்த குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் பிறந்தன. ஒன்று கரண்டு போயிருந்தபோது பிறந்தது. இன்னொன்று ஆஸ்பத்திரி வாசல் வரைகூடப் பொறுக்காமல் ஆட்டோவிலேயே பிறந்து, ஆட்டோக்காரர் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. இப்படியிருக்க, நைனா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, முதலாளி வீட்டுக் குழந்தை ஆடிக்கிருத்திகை அன்று மத்தியானத்துக்கு மேல் பிறக்கப்போகிறது என்றார். தேர் எப்போது புறப்படும் என்று சொல்வதைப் போல அவ்வளவு உறுதியாகச் சொன்னார். அது எப்படி இப்போதே தெரியும் என்று கேட்டேன். "டாக்டர் கிட்ட சொல்லி வச்சிட்டாங்க" என்றார். டாக்டரிடம் சொல்லிவைத்தால் குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். சோறு ஆறுகிறது, வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றாள் அம்மா. வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்பதும் எனக்குப் புரியாத இன்னொரு விஷயம்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். திருத்தணியில் எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா நைனாதான். அவர் லுங்கி வியாபாரம் செய்யும் ஒரு முதலாளியிடம் கார் டிரைவராக இருந்தார். முதலாளிக்குப் பொதட்டூர்பேட்டையில் தறிகளும் சென்னையில் கடையும் உண்டு. குடியிருந்தது மட்டும் திருத்தணியில், மலை நேராகத் தெரிகிற ஒரு மாடி வீட்டில். கண் விழித்ததும் கோபுரத்தைப் பார்க்காமல் அவர் பல்கூடத் தேய்க்க மாட்டார் என்பார்கள். நல்ல மனிதர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் கெட்டவர் யார் என்று பல வருஷம் நானும் தேடிப் பார்த்துவிட்டேன், ஒருவரும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் பிள்ளையாண்டிருந்தார்கள். ஒருவர் முதலாளியின் மகள். அவரை நான் அக்கா என்பேன். இன்னொருத்தி என் அத்தை, நைனாவின் ஒரே தங்கை. அவளைப் பள்ளிப்பட்டில் தறி ஓட்டுகிற மாமாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது முறை. அத்தைக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆகவே தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு எங்கள் ஓட்டு வீடுதான், தாய் தகப்பன் இரண்டும் நைனாதான். அவள் வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்குக் கொண்டாட்டம். அத்தை சத்தமாகச் சிரிப்பாள். பூரி உப்பிக்கொண்டு வந்தால்கூட அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

அக்காவை மாதாமாதம் நைனா சென்னைக்குக் காரில் கூட்டிப் போவார். ஒவ்வொரு தடவையும் குழந்தையைப் படம் பிடித்துக் கொண்டுவருவார்கள். ஒரு நாள் நைனாவோடு நான் போயிருந்தபோது அக்கா அந்தப் படத்தை எனக்கும் காட்டினார். அடுப்பு ஊதும்போது வருகிற புகை மாதிரி இருந்தது. "மூக்கப் பாத்தியா, அப்படியே எங்கப்பா மூக்கு" என்றார் அக்கா. எனக்கு மூக்கும் தெரியவில்லை, முழியும் தெரியவில்லை. ஆனாலும் ஆங் என்று தலையாட்டி வைத்தேன்.

அத்தையை நான்தான் கூட்டிப் போவேன், நடந்து. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா வயிற்றை டேப் வைத்து அளப்பார், தைக்கிற டெய்லர் மாதிரி. சத்து மாத்திரை கொடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, நன்றாக நட என்பார். அதற்கென்ன, வந்ததே நடந்துதானே என்று வெளியே வந்து அத்தை சிரிப்பாள். ஒரே ஒரு தடவை அவளுக்கும் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். ஆனால் படம் எதுவும் கையில் இல்லை. "உன் புள்ளைக்கு போட்டோ இல்லியா அத்தை?" என்று கேட்டேன். "போட்டோ எதுக்குடி? எம்புள்ள நேர்லயே வந்து மூஞ்சியக் காட்டும்" என்றாள்.

முதலாளி வீட்டில் அக்காவுக்கு வளைகாப்பு செய்தபோது முதலாளியம்மா சொல்லியனுப்பி அத்தையையும் வரவழைத்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி உட்கார்ந்தால் நல்லது என்று மணையில் அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து, ஒரே தட்டிலிருந்து இரண்டு பேருக்கும் வளையல் போட்டார். நலங்கு வைத்தார். பட்டுப்புடவையும் பூனம் சேலையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அன்றைக்கு எல்லாமே சமமாகத்தான் இருந்தது. அதனால்தான் பின்னால் எனக்குக் குழப்பம் அதிகமானது என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு ஆபரேஷன்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். எப்படியும் ஆபரேஷன் என்றால் நல்ல நாளாகப் பார்த்துச் செய்யலாமே என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. ஆடிக்கிருத்திகையை விட நல்ல நாள் திருத்தணிக்காரனுக்கு ஏது? முருகனுடைய நட்சத்திரத்தில், முருகனுடைய மலையடிவாரத்திலேயே பேரன் பிறக்கட்டும் என்று முடிவு செய்தார். மலையடிவாரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ரூம் பிடித்தார்கள். சென்னையில் அக்காவைப் பார்க்கிற லேடி டாக்டர் முந்தின நாளே வந்து தங்கிவிட்டார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் அரக்கோணத்திலிருந்து வர வேண்டும். அவரைக் கூட்டி வருகிற வேலை நைனாவுக்கு.

ஆடிக்கிருத்திகை அன்று எங்கள் ஊருக்குள் வண்டி நுழைய முடியாது. எங்கிருந்தெல்லாமோ வந்த காவடிகள், பம்பை, உடுக்கை, மொட்டைத் தலைகள், மஞ்சள் துணி, அரோகரா என்று தெருவே நகர்ந்துகொண்டிருக்கும். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். முதலாளி அன்னதானம் போடுகிறவர் என்பதால் அவருடைய காருக்கு மட்டும் முன்கண்ணாடியில் பாஸ் ஒட்டியிருப்பார்கள். அதைக் காட்டினால் போலீஸ்காரர் கயிற்றை இறக்கி வழிவிடுவார். அந்தக் கயிறு இறங்குவதைப் பார்ப்பதற்காகவே எனக்கு அந்தக் காரில் போக ஆசை.

அந்த ஆசை அன்றைக்குத்தான் நிறைவேறியது. விடியும்போதே அத்தைக்கு வலி கண்டுவிட்டது. மாமா ஊரில் இல்லை, அதாவது ஊரில்தான் இருந்தார். அத்தைக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று காவடி வேண்டிக்கொண்டு, செல்போனை எங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, முந்தின ராத்திரியே கூட்டத்தோடு கிளம்பியிருந்தார். அந்த ஜனக்கடலில் ஒரு மஞ்சள் வேட்டியை யார் போய்த் தேடுவது? அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காளும் அத்தையைக் கைத்தாங்கலாகப் பிடித்து, இரண்டு தெரு தள்ளி ஒரு டிரஸ்ட் நடத்திவந்த இலவச ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. போகும்போது அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நைனா என்னைக் காரில் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். "டாக்டரக் கூட்டாந்து உட்டுட்டு நேரா வந்துடறேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அரக்கோணம் டாக்டர் நைனாவின் வயசுதான் இருப்பார். டாக்டர் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு முறைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் பின்சீட்டில் ஏறியதுமே என் பெயர், வகுப்பு, வாய்ப்பாடு எது வரைக்கும் தெரியும் என்பதையெல்லாம் விசாரித்து, பாதி வழியிலேயே எனக்குச் சிநேகிதராகிவிட்டார். வரும் வழியில் நைனாவின் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. வண்டியில் முதலாளி வீட்டு ஆள் இருக்கும்போது சொந்த போனை எடுக்கக் கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட சட்டம். யாரும் சொல்லி வைத்ததல்ல. "எடுத்துப் பேசுப்பா" என்று டாக்டரே சொன்னார். "பரவால்ல சார்" என்றார் நைனா. கயிறு இறங்கியது, நாங்கள் ஊருக்குள் நுழைந்தோம். நான் போலீஸ்காரரைப் பார்த்துக் கையாட்டினேன்.

டாக்டரை நர்சிங் ஹோமில் இறக்கிவிட்ட பிறகுதான் நைனா வெளியே நின்று அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார்கள் என்பது எனக்குப் பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரியும். அத்தைக்குக் குழந்தை இறங்கவில்லை, துடிப்பும் குறைந்துகொண்டு வருகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்ய அங்கே லேடி டாக்டர் இருந்தார், இடம் இருந்தது, கத்தி கத்தரி எல்லாம் இருந்தது. மயக்க மருந்து கொடுக்கிறவர் மட்டும் இல்லை. திருவள்ளூரிலிருந்து அவர்கள் வழக்கமாகக் கூப்பிடுகிறவர், திருவிழாக் கூட்டத்தில் வண்டி விடமாட்டார்கள், வர முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள். அது வந்து அத்தையைத் திருவள்ளூருக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மா இதையெல்லாம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். நைனா பேசி முடித்தும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே அரக்கோணம் டாக்டர் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா என்றால் நிஜமாகவே சும்மா. எல்லாம் தயாராக இருந்தது, ஆனால் நட்சத்திரம் மாறவில்லை. பரணி இன்னும் போகவில்லை, மத்தியானத்துக்கு மேல்தான் கிருத்திகை வருகிறது என்று முதலாளி கையில் பஞ்சாங்கத்தோடு வந்து மிகவும் பணிவாகச் சொன்னார், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றார். டாக்டர் சிரித்தார். "பரணி தரணி ஆளும்னு சொல்வாங்களே, அதுல பொறந்தா ஆகாதா?" என்றார். "தரணியெல்லாம் எதுக்கு சார், எங்களுக்கு முருகன் போதும்" என்றார் முதலாளி. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நேரம் போக வேண்டுமே. டாக்டர் மேஜை மேல் கிடந்த மருந்துச் சீட்டைக் கிழித்து எனக்குக் கப்பல் செய்துகொடுத்தார். நான் மயில் வேண்டும் என்றேன். தனக்குக் கப்பலும் காக்காவும்தான் தெரியும் என்றார். மயில்தான் வேண்டும் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு சீட்டைக் கிழித்து, மடித்து, பிரித்து, திரும்ப மடித்து, ஒரு வழியாகக் கோழி மாதிரி ஒன்றைச் செய்து, தோகையைப் பேனாவால் வரைந்து மயிலாக்கிவிட்டார். மயிலுக்கு ஒரு பாம்பு வேண்டும் என்றேன். பாம்பும் கிடைத்தது. ஒரு பெரிய மனிதர், அதுவும் டாக்டர், நான் கேட்டதைக் கேட்டபடி செய்துதருவது அதுவரை என் அனுபவத்தில் இல்லாதது.

நைனா உள்ளே வந்தார். வாசல்படி அருகில் நின்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா?" என்றார். நைனா வாயைத் திறந்தார். "காபி ஏதாவது சொல்லட்டுமா சார்?" என்றார். வேண்டாம், இப்போதுதான் இளநீர் குடித்தேன் என்றார் டாக்டர். நைனா போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தார். சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "சார்..." என்றார். "சொல்லுப்பா" என்றார் டாக்டர், மயிலின் கழுத்தை மடித்துக்கொண்டே. "ஃபேன வேகமா வைக்கட்டுங்களா?" என்றார் நைனா. ஃபேன் ஏற்கெனவே பறந்துகொண்டுதான் இருந்தது. இது என்ன நைனா இப்படிக் கேட்கிறார் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாவது தடவை வந்தபோது உள்ளேயே வந்துவிட்டார். டாக்டருக்கு எதிரே நின்று கைகளைக் கட்டிக்கொண்டார், பிறகு பிரித்துக்கொண்டார். அவர் உதடு அசைந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே நுழைந்தார். "சார், வண்டிய நெழல்ல போட்டு வச்சிருக்கேன். எப்ப சொன்னாலும் கெளம்பிடலாம்" என்றார் நைனா. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் இன்னும் வேலையே ஆரம்பிக்கல. அதுக்குள்ள என்னை வண்டியேத்தப் பாக்கறியே" என்றார். முதலாளியும் சிரித்தார். நைனாவும் சிரித்தார். மூவரும் சிரிக்கிறார்களே என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

நைனா முதலாளியோடு வெளியே போவதையும் வராந்தாவில் நின்று ஏதோ சொல்வதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலாளி அவர் தோளில் கை வைத்தார். சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். நைனா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கைக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னாரா, முழுவதையும் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. முழுவதையும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் முதலாளி அனுப்பியிருப்பார் என்று ஒரு நாள் தோன்றுகிறது, அனுப்பியிருக்க மாட்டார் என்று மறுநாள் தோன்றுகிறது. அக்காவும் அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதானே படுத்திருந்தார், தன் பெண் விஷயத்தில் யார்தான் டாக்டரை வெளியே அனுப்புவார்கள் என்று அவர் பக்கம் நின்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆபரேஷன் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. அந்த இலவச ஆஸ்பத்திரியில் தேங்காய் உடைத்தால் இங்கே கேட்கும். இந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை நின்றுவிடும்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் டாக்டரும் நானும் ஜன்னலுக்குப் போனோம். தெரு முழுக்கப் பூக்காவடிகள். அவற்றுக்கு நடுவே அந்த வெள்ளை வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஜனங்கள் பாவம், ஒதுங்கத்தான் பார்த்தார்கள். ஒதுங்க இடம் இருந்தால்தானே. வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "வழி உடுங்க! புள்ளத்தாச்சி! வழி உடுங்க சாமி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனார். காவடிக்காரர்களைத் தோளைப் பிடித்துத் தள்ளினார், ஒருவர் காலில்கூட விழுந்தார். அது நைனா. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"யாரு, உங்கப்பாவா? பரவாயில்லையே, நல்ல மனுசன்" என்றார் டாக்டர். பிறகு, "இந்தக் கூட்டத்துல எப்பப் போய்ச் சேர்றது, பாவம்" என்று உச்சுக்கொட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திருவிழாவில் தொண்டு செய்கிறவர்களோடு நைனாவும் சேர்ந்துகொண்டார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருப்பது அத்தை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே. நான் காகித மயிலைத் தூக்கி ஆட்டினேன். நைனா இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்தது என்னையா, எனக்குப் பக்கத்தில் நின்றவரையா என்று சொல்ல முடியாது.

பரணி போய்க் கிருத்திகை வந்ததும் டாக்டர் என் தலையைத் தட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார். அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அரோகரா என்று நர்சிங் ஹோமே கத்தியது. முதலாளி தன் கையாலேயே எனக்கு இரண்டு லட்டு கொடுத்தார். ஒன்றை அத்தைக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

அத்தையின் குழந்தை திருவள்ளூர் போய்ச் சேருவதற்குள்ளேயே வயிற்றுக்குள் அடங்கிவிட்டது. அதுவும் பையன்தான். ரத்தம் நிற்கவில்லை என்று அத்தையின் கர்ப்பப்பையையும் எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்களாம். இதெல்லாம் எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. குழந்தை சாமியிடம் போய்விட்டது என்றார்கள். ஆடிக்கிருத்திகை அன்று ஊரே சாமியிடம்தான் போகிறது, எல்லாரும் திரும்பி வந்துவிடுகிறார்கள், இது மட்டும் ஏன் வரவில்லை என்று நான் கேட்டபோது அம்மா என்னை அடித்தாள். அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள்.

காரணம் மட்டும் ஆளுக்கொன்று சொன்னார்கள். இலவச ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் தப்பு என்றாள் அம்மா. காவடி இறக்கும்போது தனக்குக் கால் இடறியது, அப்போதே தெரியும் என்றார் மாமா. எல்லாம் தலையெழுத்து என்று முதலாளியம்மா வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதார். நர்ஸம்மா வந்து, கடைசி மாதத்தில் திருவள்ளூருக்கே அனுப்பியிருக்க வேண்டும், நானும் சொல்லாமல் விட்டேன் என்று தன் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு குழந்தை சாமியிடம் போக இத்தனை காரணங்கள் தேவையா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. நைனா மட்டும் ஒரு காரணமும் சொல்லவில்லை. மறுநாளே காரைக் கழுவித் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அத்தை எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தாள். சிரிப்பதை விட்டுவிட்டாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்செல்லாம் வலிக்கிறது என்று அம்மாவிடம் முனகுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் பாய் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவளைச் சிரிக்கவைக்க என்னால் ஆன வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் அவளாகவே, "அன்னிக்கி நீ எங்கடி இருந்த?" என்று கேட்டாள்.

இதைச் சொல்லத்தானே நான் காத்திருந்தேன். போலீஸ் கயிறு, வாய்ப்பாடு, கப்பல், பாம்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அந்த டாக்டருக்கு இன்னா வேல அங்க?"

"அக்காவுக்கு மயக்க ஊசி போடணும் அத்தை. ஆனா நட்சத்திரம் வரல. அதான் சும்மா உக்காந்துகினு இருந்தாரு."

அத்தை கண்ணைத் திறந்தாள். "உங்க நைனா எங்க இருந்துச்சு?"

"நைனா வந்து வந்து அவர் முன்னால நின்னுகினு இருந்தாரு. காபி வேணுமா, ஃபேன வேகமா வைக்கட்டுமான்னு கேட்டுகினே இருந்தாரு. வேணாம்னா கூட உடல அத்தை."

நைனா அசடு வழிந்ததைச் சொன்னால் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார முயன்றாள், முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "அந்த டாக்டர் எப்புடி? ரொம்பக் கோவக்காரரா?" என்று கேட்டாள். குரல் கேட்காத அளவுக்கு மெதுவாகக் கேட்டாள்.

"ஐயோ, இல்ல அத்தை. அவ்ளோ நல்லவரு. நாம இன்னா கேட்டாலும் ஒடனே செய்வாரு. மயில் செஞ்சு குடுங்கன்னு கேட்டேன், அவருக்குத் தெரியவே தெரியாது, ஆனாலும் செஞ்சு குடுத்தாரு. வாயத் தொறந்து கேட்டாப் போதும்."

அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இத எங்கிட்ட சொன்ன மாதிரி உங்க நைனாகிட்ட எப்பவும் சொல்லாத, இன்னா?"

"எத அத்தை?"

"கேட்டா செய்வாருன்னு சொன்னியே. அத."

ஒரு நல்ல மனிதரைப் பற்றிய ஒரு நல்ல வார்த்தை. அது நைனாவை என்ன செய்துவிடும்? அவர் கேட்டால் சந்தோஷப்படத்தானே செய்வார்? எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஆங் என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வேலை முடிந்து வந்த நைனா உள்ளே எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் இன்னா பேசிகினு இருக்கீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணா. கத சொல்லிகினு இருக்கா" என்றாள் அத்தை.

கதை இல்லை, எல்லாம் நிஜம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தை என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.